எட்டு போட்டவனும் 1,864 வளைவுகளும்

என் மச்சினனுக்கு 27 வயதில் மறுபடியும் எட்டு போட வேண்டி வந்தது. தாய்லாந்து போவதற்காக.

கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். காலேஜ் படிக்கும்போதிருந்தே வண்டி ஓட்டுகிறவன், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு என் புல்லட்டை எத்தனையோ தடவை எடுத்துக்கொண்டு போனவன். அத்தனை தடவையும் சட்டப்படி அவனிடம் அந்த வண்டிக்கு லைசென்ஸே இல்லை என்பது இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டபோதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிய வந்தது. 18 வயதில் டிரைவிங் ஸ்கூலில் காரோடு சேர்த்து ஸ்கூட்டியில் எட்டு போட்டிருக்கிறான், கார்டில் கியர் இல்லாத இருசக்கர வாகனம், இலகு ரக வாகனம் என்று இரண்டு மட்டும் இருக்கின்றன. ஒன்பது வருடமாக எந்தப் போலீஸும் அந்தச் சின்ன எழுத்தைப் படித்ததில்லை. நாங்களும் படித்ததில்லை.

2024 ஜூலையில் ஆரம்பித்தது இது. தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் தங்கலாம் என்று அறிவித்திருந்த நேரம். "மாமா, அஞ்சு நாள் லீவு போடுங்க, முன்னாடி பின்னாடி சனி ஞாயிறு, வாடகை வண்டி எடுத்து மலையில சுத்திட்டு வந்துடலாம்" என்றான். எனக்கும் ஆசைதான். வெளிநாட்டில் வண்டி ஓட்டுவது என்றால் கார்னே வாங்கிக் கப்பல் ஏற்றி மாதக்கணக்கில் சுற்றுகிறவர்கள் செய்யும் வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். (கார்னே என்பது சொந்த வண்டியை வரி கட்டாமல் தற்காலிகமாக வேறு நாட்டுக்குள் கொண்டுபோகத் தேவைப்படும் சுங்கப் பத்திரம், அதற்குக் கட்ட வேண்டிய டெபாசிட்டைக் கேட்டாலே பாதிப் பேர் திரும்பி வந்துவிடுவார்கள்.) ஒரு வாரம் போய் வருகிற நம்மைப் போன்றவர்களுக்கு வாடகை வண்டிதான் வழி.

எங்கே போவது என்பதில் முதல் பேச்சு வியட்நாம். வடக்கே ஹா ஜியாங் மலைச்சாலைகளை யூடியூபில் பார்த்துப் பார்த்து அவனுக்கு ஊர்ப்பெயர்கள் மனப்பாடம் ஆகியிருந்தன. ஒரு ராத்திரி நான் உட்கார்ந்து லைசென்ஸ் விஷயத்தைத் தோண்டினேன். வியட்நாம் ஏற்றுக்கொள்வது 1968 வியன்னா ஒப்பந்தப்படி கொடுக்கப்படும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை, சுருக்கமாக ஐடிபி. நம் ஆர்டிஓ ஆபீஸில் கொடுக்கும் ஐடிபி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி சாம்பல் நிறப் புத்தகம்தான், ஆனால் அங்கே நம்முடையது செல்லாது. வாடகைக் கடைக்காரர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் வண்டி கொடுக்கிறார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டிவிட்டும் வருகிறார்கள். "எல்லாரும் போறாங்களே மாமா" என்றான். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அவன் அக்கா, அதாவது என் மனைவி, தலையைத் தூக்காமல் கேட்டாள்: "போலீஸ்கிட்ட மாட்டுறத விடுங்க. விழுந்து கால் உடைஞ்சா ஆஸ்பத்திரி பில்லு யாரு கட்டுவா?"

இந்தக் கேள்விதான் எங்கள் திட்டத்தையே மாற்றியது. நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்த பயணக் காப்பீட்டுப் பாலிசியை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். இருசக்கர வாகனம் ஓட்டி ஏற்படும் விபத்து, ஓட்டுகிறவரிடம் அந்த நாட்டில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்து, ஹெல்மெட் போட்டிருந்தால் மட்டுமே சேரும் என்று இருபத்தைந்தாம் பக்கத்தில் ஒரு வரி. இன்னொரு கம்பெனி பாலிசியில் இத்தனை சி.சி.க்கு மேல் போனால் கிடையாது என்று ஒரு வரம்பு. மூன்றாவதில் இருசக்கர வாகனமே கிடையாது. விலைப் பட்டியலில் மூன்றும் பத்து இருபது ரூபாய் வித்தியாசத்தில் அடுத்தடுத்து இருந்தன. லைசென்ஸ் என்பது போலீஸுக்குக் காட்டுவதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதைவிட முக்கியமாக, பாலிசியை உயிரோடு வைத்திருப்பதே அதுதான். வெளிநாட்டில் வண்டி வாடகைக்கு எடுக்கப்போகிற யாரும் என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எந்த வண்டி என்று யோசிப்பதற்கு முன், எந்த நாட்டில் உன் காகிதம் செல்லும் என்று பார், அப்புறம் பாலிசியின் விலக்குகள் பக்கத்தைப் படி. சுவாரஸ்யமில்லாத வேலைதான், இரண்டு மணி நேரம் ஆகும்.

தாய்லாந்தில் நம் ஐடிபி செல்லும். அதோடு அங்கே சாலையில் இடதுபுறம்தான் போக வேண்டும், நம்மைப் போலவே. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் களைத்துப்போன சாயங்காலத்தில் ஒரு ரவுண்டானாவில் கை தானாக எந்தப் பக்கம் திரும்பும் என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஒரு வாரப் பயணத்தில் பக்கம் மாறி ஓட்டப் பழகுவதற்கே இரண்டு நாள் செலவழிக்க நான் தயாராக இல்லை. வியட்நாம் போச்சு, மே ஹாங் சோன் வந்தது.

தாய்லாந்தின் வடமேற்கு மூலை, பர்மா எல்லையை ஒட்டிய மலை மாவட்டம் மே ஹாங் சோன். சியாங் மாய் நகரத்தில் கிளம்பி, பாய், மே ஹாங் சோன், மே சரியாங் என்று சுற்றி மறுபடி சியாங் மாய்க்கே வந்து சேரும் சுமார் 600 கிலோமீட்டர் வட்டம், வண்டிக்காரர்கள் மத்தியில் பேர்போனது. மொத்தம் 1,864 வளைவுகள் என்று கணக்கு சொல்கிறார்கள். சியாங் மாயிலிருந்து பாய் வரைக்கும் மட்டும் 762. இந்த எண்ணைப் போட்ட டீ ஷர்ட்டை பாயில் ஒவ்வொரு கடையிலும் தொங்கவிட்டிருப்பார்கள். யார் உட்கார்ந்து எண்ணினார்களோ, எதையெல்லாம் வளைவு என்று கணக்கில் எடுத்தார்களோ, எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம்தான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி என்றால் ஒவ்வொன்றுக்கும் பலகை நட்டு நம்பர் போட்டிருக்கும், எண்ணிக்கொண்டே ஏறலாம்.

சரி, மச்சினன் விஷயம். தாய்லாந்தில் ஓட்டப்போவது ஸ்கூட்டர்தானே, இருக்கிற லைசென்ஸே போதாதா என்று அவன் வாதாடினான். ஐடிபியில் இருசக்கர வாகனத்துக்கு 'ஏ' என்று ஒரே கட்டம்தான், கியர் உண்டா இல்லையா என்று தனியாக எதுவும் கிடையாது. அதனால் அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த விவாதத்தை ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் நின்றுகொண்டு நடத்த எனக்கு விருப்பமில்லை. ஜூலை கடைசியில் எல்எல்ஆர் போட்டு, 30 நாள் காத்திருந்து, செப்டம்பர் முதல் வாரம் ஆர்டிஓ மைதானத்தில் 18 வயசுப் பசங்களோடு வரிசையில் நின்று என் புல்லட்டிலேயே எட்டு போட்டான். முதல் சுற்றில் கால் ஊன்றிவிட்டான். ஊன்றியதை இன்ஸ்பெக்டர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன், இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறேன். அக்டோபரில் இரண்டு பேருக்கும் ஐடிபி வந்தது. ஆளுக்கு 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். பாஸ்போர்ட், லைசென்ஸ் நகலோடு விமான டிக்கெட்டும் கேட்பார்கள், அதனால் டிக்கெட் முதலில், ஐடிபி பிறகு. இது தெரியாமல் ஒரு தடவை வெறுங்கையோடு திரும்பினேன்.

டிக்கெட் போடுவதற்குத் தேதி வேண்டுமே. அந்தப் பக்கம் ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழை. பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை காட்டையும் அறுத்த வயலையும் எரிக்கும் காலம், சியாங் மாய் பள்ளத்தாக்கு முழுக்கப் புகை நின்றுவிடும், எதிரில் இருக்கும் மலையே தெரியாது. கோடை லீவில் போகலாம் என்று நினைத்திருந்த நான் இதைப் படித்ததும் தப்பித்தோம் என்றிருந்தது. மிச்சம் நவம்பர், டிசம்பர், ஜனவரி. நவம்பர் நடுவில் லாய் கிராதோங் திருவிழா, அதோடு சேர்த்து சியாங் மாயில் காகித விளக்குகளை வானத்தில் விடும் யீ பெங். 2024இல் அது நவம்பர் 15. பார்க்க ஆசைதான், ஆனால் அந்த வாரம் அறை வாடகை நம்மைப் பார்த்துச் சிரித்தது. 22ஆம் தேதி வெள்ளி ராத்திரி சென்னையில் விமானம், 30ஆம் தேதி சனிக்கிழமை ராத்திரி திரும்புவது என்று முடிவாயிற்று. டிக்கெட் போட்ட கொஞ்ச நாளில், அக்டோபர் தொடக்கத்தில் பிங் ஆறு பெருகி சியாங் மாய் நகருக்குள் வெள்ளம் வந்த படங்களைப் பார்த்தோம். இரண்டு வாரம் தினமும் ராத்திரி அந்த ஊர்ச் செய்திதான்.

இப்போது நாள் கணக்கு. மச்சினன் போட்ட முதல் திட்டம் என் போனில் இன்னும் இருக்கிறது. சியாங் ராய் வெள்ளைக் கோயில், மூன்று நாடு சேரும் தங்க முக்கோணம், மே சலோங் தேயிலைத் தோட்டம், பாய், மே ஹாங் சோன், மே சரியாங், தாய்லாந்தின் உயரமான மலையான தோய் இந்தனான், எல்லாம் சேர்த்து ஐந்து நாளில் 1,200 கிலோமீட்டர். "ஒரு நாளைக்கு 240தானே மாமா, சேலம் டு சென்னையே 340" என்றான். பைபாஸில் நாலுவழிச் சாலையில் அது சரி. மலையில் கிலோமீட்டரை எண்ணவே கூடாது, மணியை எண்ண வேண்டும் என்று நான் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு கொல்லிமலை போனோம். காரவள்ளி அடிவாரத்தில் நேரம் குறித்துக்கொண்டு, போட்டோவுக்கு இரண்டு இடம், டீக்கு ஓர் இடம் என்று வழக்கமாக எப்படிப் போவோமோ அப்படியே ஏறி, செம்மேட்டில் மறுபடி நேரம் பார்த்தோம். சராசரி மணிக்கு 25 கிலோமீட்டர்கூட வரவில்லை. அவன் அங்கேயே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சியாங் ராயை அழித்தான். கீழே இறங்கி வருவதற்குள் தங்க முக்கோணமும் மே சலோங்கும் போயிருந்தன.

கொல்லிமலை அளவுக்கு மே ஹாங் சோன் சாலை நெருக்கமாகச் சுற்றாது, அகலமும் அதிகம், தாரும் நன்றாக இருக்கும். மணிக்கு 35 என்று வைத்துக்கொண்டோம். காலை எட்டுக்குக் கிளம்பி, சாயங்காலம் நாலு மணிக்குள் வண்டியை விட்டு இறங்கிவிட வேண்டும், நவம்பர் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். சாப்பாடு, தண்ணீர், வேடிக்கை எல்லாம் போக ஓட்டுவதற்கு ஐந்து மணி நேரம்கூடக் கிடைக்காது. அதாவது ஒரு நாளைக்கு 160. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட எழுதக் கூடாது. இந்தக் கணக்கில் மே சரியாங்கும் அடிபட்டது. குன் யுவாமிலிருந்து 1263ஆம் எண் சாலையில் மலைக்குள் திரும்பி மே ச்சேம் போய், அங்கிருந்து தோய் இந்தனான் மேல் ஏறி இறங்கினால் வட்டம் கொஞ்சம் சுருங்கும். எல்லாம் வெட்டிய பிறகு மிஞ்சியது: நாலு நாள் ஓட்டம், நடுவில் மே ஹாங் சோனில் ஒரு நாள் சும்மா, கடைசியில் சியாங் மாயில் ஒரு நாள் சும்மா. கடைசி நாளைப் பற்றி மச்சினனுக்குக் கடைசி வரை கோபம். வண்டி நடுக்காட்டில் நின்றால், உடம்பு சரியில்லாமல் போனால், மழை பிடித்துக்கொண்டால், ஒரு நாள் கையில் இருக்கட்டும் என்றேன். "வெறும் ஒரு நாளைக்கு யாராவது அத்தன தூரம் போயி ரூம் வாடகை கட்டுவாங்களா?" என்று அவன் அக்காவிடம் புகார் சொன்னான்.

வண்டி. எனக்கு ஹோண்டா சிபி 500 எக்ஸ் மேல் ஒரு கண். ஒரு நாள் வாடகை 1,200 பாட்டுக்கு மேல், அதாவது அன்றைய கணக்கில் 3,000 ரூபாய். பெரிய தொகை டெபாசிட் வேறு. வீட்டில் புல்லட் ஓட்டுகிறவன் 200 கிலோ வண்டிக்குப் பயப்பட மாட்டான், ஆனால் தெரியாத வண்டி, தெரியாத ரோடு, கீழே போட்டால் யாருடைய பணம் என்ற பயம், இந்த மூன்றையும் ஒரே நாளில் சுமக்க வேண்டாம் என்று தோன்றியது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனும் அங்கே வாடகைக்குக் கிடைக்கிறது, பழகிய கம்பெனி, நம் ஒரகடத்தில் தயாராவது என்று சொன்னேன். "ஒரகடத்து வண்டிய ஓட்டறதுக்கு தாய்லாந்து போகணுமா மாமா?" கேள்வியில் நியாயம் இருந்தது. கடைசியில் இரண்டு பேருக்கும் ஹோண்டா பிசிஎக்ஸ் 160 ஸ்கூட்டர். நாள் வாடகை 500 பாட். நீளமான சீட், எட்டு லிட்டர் டேங்க், ஹெல்மெட்டே உள்ளே போகிற அளவுக்கு சீட்டுக்கு அடியில் இடம். அந்த ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு இதைவிடச் சின்ன வண்டியில் அதே மலையில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

சியாங் மாயில் சனிக்கிழமை சாயங்காலம் வண்டி எடுக்கப் போனோம். கடைப் பெண் முதலில் கேட்டது பாஸ்போர்ட். அதைக் கொடுத்துவிட்டால் அப்புறம் ஒரு கீறலுக்கு அவர்கள் சொல்வதுதான் விலை. கொடுக்க மாட்டோம் என்று முன்பே எழுதிக் கேட்டு, ஆளுக்கு 5,000 பாட் ரொக்கமும் பாஸ்போர்ட் நகலும் என்று பேசி வைத்திருந்தோம், அந்த மெசேஜைக் காட்டியதும் மறு பேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் மச்சினன் கடை வாசலில் குந்தி உட்கார்ந்து, மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி வண்டியைப் பார்க்க ஆரம்பித்தான். முன் டயர் பள்ளத்தில் ஒரு பாட் காசைச் செருகிப் பார்த்தான். பிரேக் பேடைப் போன் வெளிச்சத்தில் பார்த்தான். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து வண்டியைத் தள்ளினான். எனக்குக் கொடுத்த வண்டியின் பின் டயர் நடுவில் வழுக்கையாக இருந்தது, மாற்றி வேறு கேட்டோம், கொடுத்தார்கள். கடைசியாக ஒரு வீடியோ: முன்னாலிருந்து தொடங்கி ஒரு சுற்று, கண்ணாடி, சைலன்சர், கீழ்ப்பக்கத்து பிளாஸ்டிக், கிலோமீட்டர், பெட்ரோல் முள், கடைப் பெண்ணின் குரலும் உள்ளே வரும்படி. வண்டிக்கு அந்நாட்டுச் சட்டப்படி கட்டாயக் காப்பீடு இருக்கும், பொ ரொ பொ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அது அடிபட்ட மனிதர்களுக்கான குறைந்தபட்சச் செலவுக்கு. வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு அதில் ஒரு பைசா கிடையாது. கடையில் கூடுதல் பணத்துக்கு ஒரு 'பேக்கேஜ்' விற்றார்கள், படித்தால் டயர் இல்லை, கண்ணாடி இல்லை, திருட்டு இல்லை. வேண்டாம் என்றோம்.

ஹெல்மெட் மட்டும் ஊரிலிருந்தே கொண்டுபோனோம். கடையில் கொடுப்பது பெரும்பாலும் பாதித் தலைக்குத்தான், அதுவும் யார் யார் போட்டதோ. கையில் ஹெல்மெட்டோடு விமானத்தில் ஏறும்போது எல்லாரும் பார்த்தார்கள், அவ்வளவுதான். மற்றபடி ஆளுக்கு ஒரு பை, ஒரு ஜெர்கின், மழைக்கோட்டு, கையுறை. துணி பாதி போதும் என்று எல்லாரும் எழுதுவார்கள், நிஜமாகவே பாதி போதும்.

ஞாயிறு காலை கிளம்பினோம். 107ஆம் எண் சாலையில் வடக்கே போய் மே மாலாயில் இடது பக்கம் திரும்பினால் 1095. இந்தச் சாலைக்கு முதலில் தடம் போட்டது இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குள் போக வழி தேடிய ஜப்பானியப் படை. வளைவுகளைப் பற்றி நான் என்ன எழுதினாலும் அந்த டீ ஷர்ட்டை மிஞ்சாது. திட்டத்தில் இல்லாத இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். ஒன்று, பாய்க்கு ஆள் ஏற்றிக்கொண்டு போய் வரும் வேன்கள். எதிரே வளைவை வெட்டிக்கொண்டு நம் பாதிக்குள் வந்துவிட்டுப் போகும், அதனால் வலது வளைவில் நடுக்கோட்டை ஒட்டிப் படுக்கிற ஆசையை முதல் அரை மணியிலேயே விட்டுவிட்டேன். இன்னொன்று ஹாரன். நாம் கொண்டை ஊசியில் ஹாரன் அடித்தே வளர்ந்தவர்கள், அங்கே யாரும் அடிப்பதில்லை, அடித்தால் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி. என் கட்டைவிரல் ஒவ்வொரு வளைவிலும் தானாகப் போய் பட்டனைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. மச்சினன் இரண்டு தடவை அடித்துவிட்டு, எதிரே வந்த கிழவருக்குத் தலை குனிந்து கும்பிடு வேறு போட்டான்.

மே ஹாங் சோனில் சும்மா இருந்த செவ்வாய்க்கிழமை எனக்கு மிகவும் பிடித்த நாள். வாட் சோங் கிலாங், வாட் சோங் காம் என்று பர்மியச் சாயலில் இரண்டு கோயில்கள், முன்னால் ஒரு குளம், காலையில் குளத்தின் மேல் பனி. நம் ஊர்த் தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்திருப்பது மாதிரியே இருந்தது. வண்டியை எடுக்கவே இல்லை.

அடுத்த நாள் குன் யுவாம் தாண்டி தோய் மே ஊ கோ மலைச்சரிவு முழுக்க மஞ்சள். மெக்ஸிகோ சூரியகாந்தி, அங்கே புவா தோங் என்கிறார்கள், நவம்பரில்தான் பூக்கும், அதற்காகவே பாங்காக்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மச்சினன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது நம்ம மலைங்கள்ல ரோட்டோரமா காடு மாதிரி மண்டிக் கிடக்குமே, அதுதானே மாமா?" என்றான். அதேதான். போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினான், இதப் பாக்கவா அவ்வளவு தூரம் போனீங்க என்று பதில் வந்தது.

வியாழன் காலை தோய் இந்தனான். 2,565 மீட்டர். தேசியப் பூங்கா நுழைவுக்கு வெளிநாட்டவருக்கு 300 பாட். மே ச்சேம் பக்கத்திலிருந்து ஏறும் 1192 செங்குத்து, பிசிஎக்ஸ் முனகிக்கொண்டே ஏறியது, ஏறிவிட்டது. உச்சியில் விரல் மரத்துப்போகிற குளிர், கையுறைக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். சிக்கல் இறங்கும்போதுதான். சோம் தோங் வரைக்கும் நாற்பது சொச்சம் கிலோமீட்டர் ஒரே இறக்கம். தாழ்ந்த கியரில் போ என்று வழியெல்லாம் பலகை. எங்கள் வண்டியில் எங்கே கியர்? பாதி வழியில் முன்னால் போன மச்சினன் வண்டியிலிருந்து கருகல் வாடை வந்தது. ஹாரன் அடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு அடித்தேன். ஓரம் கட்டினோம். முன் டிஸ்க்கில் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான், சொய்ங் என்று ஆவியாகிப் போனது.

புல்லட் ஓட்டுகிறவனுக்கு இரண்டாவது கியரில் போட்டு இறக்கத்தில் விட்டால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும், பிரேக் தொட்டால் போதும். ஸ்கூட்டரில் அப்படி இல்லை. ஆக்சிலேட்டரை முழுசாக விட்டு மெதுவாகப் போனால் உள்ளே கிளட்ச் விடுபட்டுவிடும், வண்டி சைக்கிள் மாதிரி சும்மா உருளும், இன்ஜின் பிடிக்கவே பிடிக்காது. அதனால் மொத்த பாரமும் பிரேக்கில். ஆக்சிலேட்டரை ஒரு நூல் திறந்தால் கிளட்ச் மறுபடி பற்றிக்கொள்ளும், அப்புறம் மூடினாலும் கொஞ்ச வேகம் இருக்கிற வரை இன்ஜின் இழுத்துப் பிடிக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, சேலத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் திட்டம் போட்டபோது ஏற்றத்துக்கு வண்டிக்கு மூச்சு இருக்குமா என்று மட்டுமே கவலைப்பட்டிருக்கிறேன், இறக்கத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அரை மணி நேரம் ஆற விட்டோம். அதற்கப்புறம் இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றி, பிடித்துக்கொண்டே இருக்காமல் அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு ஓய்வு. அடுத்த தடவை இந்தச் சுற்றுக்கு கியர் வண்டிதான் எடுப்பேன், 150 சி.சி. ஆனாலும் போதும்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். கடைப் பையன் சுற்றிப் பார்த்துவிட்டு, என் வண்டியின் இடப்பக்க அடி பிளாஸ்டிக்கில் ஒரு கீறலைக் காட்டி, புதுசு என்றான். மச்சினன் போனை எடுத்து வீடியோவை ஓட்டினான். 40ஆவது வினாடியில் அதே கீறல், பின்னால் கடைப் பெண்ணின் சிரிப்புச் சத்தம். பையனும் சிரித்துவிட்டு 10,000 பாட்டையும் எண்ணிக் கொடுத்தான். சண்டையில்லை, முறைப்பில்லை. ஒருவேளை நிஜமாகவே அவனுக்கு ஞாபகம் இல்லாமல் இருந்திருக்கலாம், எத்தனை வண்டிதான் பார்ப்பான்.

அந்தச் சும்மா வெள்ளிக்கிழமையில் எதுவுமே நடக்கவில்லை. வண்டி நிற்கவில்லை, மழை வரவில்லை. பகலெல்லாம் தூங்கி எழுந்து காவ் சோய் சாப்பிட்டோம். தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ், மேலே பொரித்த நூடுல்ஸ், தொட்டுக்கொள்ள ஊறுகாய், சேலத்துக்காரனுக்கு எந்தக் குறையும் இல்லை. "வீணாப்போன ஒரு நாள்" என்று மச்சினன் மூன்று தடவை சொன்னான்.

சனிக்கிழமை பாங்காக் வந்து சேர்ந்து போனைத் திறந்தால், ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்குகிறது, சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள், ஓடுபாதையில் தண்ணீர். எங்கள் ராத்திரி விமானம் ரத்து. மனைவிக்குப் போன் போட்டேன். "நீங்க அங்க மலையில மழையில மாட்டிக்கிட்டீங்களோன்னு ஒரு வாரமா சாமி கும்புட்டுட்டு இருந்தேன்" என்றாள், "இங்க வந்து பாருங்க." விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மலிவான அறை பிடித்தோம். தாய்லாந்து மலைக்காக வைத்திருந்த ஒரு நாளை வெள்ளிக்கிழமையே தின்று தீர்த்துவிட்டிருந்தோம். திங்கள்கிழமை ஆபீஸுக்கு என்ன சொல்வது என்று நான் மெயில் எழுதிக்கொண்டிருக்க, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் ஐடிபியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இது அடுத்த அக்டோபர் வரைக்கும் செல்லும்."